தங்கள் நல்வரவை விரும்பும் ஜேம்ஸ் பனானா

பெரியப்பா விருதுநகரில் ஓர் அச்சகம் வைத்திருந்தார். தை, வைகாசி, ஆவணி என்று முகூர்த்த மாதங்கள் நெருங்கினால் கல்யாணப் பத்திரிகை வேலை மலைபோல் குவியும். விடுமுறையில் போனால் என்னைச் சும்மா உட்கார விடமாட்டார். கையில் ஒரு சிவப்புப் பேனாவைக் கொடுத்து ப்ரூஃப் பார்க்கச் சொல்வார். 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்ற வரிக்குக் கீழே வரும் பெயர்கள் முழுக்க என் பொறுப்பு. மணமகன் படித்த பட்டத்தில் பிழை வந்தால் சிரித்துச் சமாளித்துவிடலாம். தாய்மாமன் பெயர் விட்டுப்போனால் அந்த வீட்டில் பத்து வருடத்துக்குப் பேச்சு வார்த்தை இருக்காது.

ஒரு முறை விட்டுப்போனது. நான்தான் விட்டேன். ஐந்நூறு பத்திரிகை அச்சாகி, மஞ்சள் தடவி, பாதி ஊருக்கு வைத்த பிறகு ஒருவர் அச்சகத்துக்கு வந்தார். சத்தம் போடவில்லை. சட்டைப் பையிலிருந்து பத்திரிகையை எடுத்து மேஜைமேல் விரித்தார். இரண்டு பெயர்களுக்கு நடுவே இருந்த வெள்ளை இடத்தில் விரலை வைத்து, "இந்த இடத்தில்தான் தம்பி நான் இருந்திருப்பேன்" என்றார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

அன்றிலிருந்து எந்தப் பெயர்ப்பட்டியலையும் பாதியில் விட்டு எழுந்திருக்க என்னால் முடிவதில்லை. தியேட்டரில் துடைப்பத்தோடு வருபவர் முகம் சுளிக்கும்வரை உட்கார்ந்திருப்பேன். வீடியோ கேம் விளையாடத் தொடங்கிய பிறகு இந்த வியாதி முற்றிவிட்டது. நாற்பது மணி நேரம் விளையாடி முடித்த கையோடு, கறுப்புத் திரையில் பெயர்கள் கீழிருந்து மேலே போவதை இருபது நிமிடம் பார்ப்பேன். என் அக்கா மகனுக்கு இது பைத்தியக்காரத்தனம். கதை முடிந்ததும் அவன் கட்டைவிரல் தானாக ஸ்கிப் பொத்தானைத் தேடிப் போய்விடும். அந்தக் கட்டைவிரலைத் தடுத்து நிறுத்துவதற்காக கேம் தயாரிப்பாளர்கள் செய்திருக்கும் சேட்டைகளைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

என் மனத்தில் முதலிடம் 'காசில்வேனியா'வுக்கு. 1986இல் ஜப்பானின் கொனாமி நிறுவனம் வெளியிட்டது. சவுக்கை எடுத்துக்கொண்டு டிராகுலாவின் கோட்டைக்குள் போய், வௌவால், எலும்புக்கூடு, மம்மி எல்லாவற்றையும் அடித்து நொறுக்கி, கடைசியில் டிராகுலாவையும் முடித்தால் கோட்டை இடிந்து விழும். பிறகு பெயர்கள் வரும். இயக்கம்: டிரான்ஸ் பிஷர்ஸ். திரைக்கதை: விராம் ஸ்டோக்கர். இசை: ஜேம்ஸ் பனானா. டிராகுலாவாக கிறிஸ்டோபர் பீ. பிராங்கன்ஸ்டைன் பூதமாக போரிஸ் கார்லாஃபிஸ்.

இந்தப் பட்டியலில் இருப்பவர்கள் யாரும் பிறக்கவே இல்லை. டிராகுலா நாவலை எழுதியவர் பிராம் ஸ்டோக்கர். ஹாமர் நிறுவனத்தின் டிராகுலா படத்தை இயக்கியவர் டெரன்ஸ் பிஷர், இசையமைத்தவர் ஜேம்ஸ் பெர்னார்ட், கோரைப்பல்லோடு நடித்தவர் கிறிஸ்டோபர் லீ. பழைய திகில் பட ஆட்கள் அத்தனை பேர் பெயரையும் யாரோ ஒரு குறும்புக்காரர் உட்கார்ந்து கோணலாக்கியிருக்கிறார். தெரிந்து செய்த அச்சுப்பிழைகள். முதன்முதலில் பார்த்தபோது என் கை சிவப்புப் பேனாவைத் தேடியது, பிறகு வாய்விட்டுச் சிரித்தேன்.

சிரித்து முடித்ததும் ஒரு கேள்வி வந்தது. அந்த இசையை உண்மையில் போட்டது யார்? கினுயோ யமாஷிதா என்ற இளம்பெண். வேலைக்குச் சேர்ந்த புதிதில் செய்த முதல் கேம் அது. அவரோடு சாடோஎ டெராஷிமாவும் இருந்தார். முதல் கட்டத்தில் ஒலிக்கும் அந்த மெட்டை இன்றுவரை எத்தனையோ பேர் கிடாரில் வாசித்துக் காணொளி போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதை எழுதியவருக்குத் திரையில் கிடைத்த பெயர் ஜேம்ஸ் வாழைப்பழம்.

அன்றைய ஜப்பானில் இது வழக்கம்தான். சொந்தப் பெயர் வெளியே தெரிந்தால் போட்டி நிறுவனம் ஆளைத் தூக்கிக்கொண்டு போய்விடும் என்று முதலாளிகளுக்குப் பயம். அதனால் ஊழியர்கள் புனைபெயரில் ஒளிந்துகொண்டார்கள். காப்காம் நிறுவனத்தின் 1987ஆம் ஆண்டு 'மெகா மேன்' கேமில் கெய்ஜி இனாஃபுனே 'இனாஃப்கிங்' ஆனார். இசையமைத்த மனாமி மட்சுமாஎ தன்னைச் 'சான்சகோரின் மனாமி' என்று போட்டுக்கொண்டார். ஒளிந்துகொள்ளச் சொன்னால் குழந்தைகள் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று காலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்குமே, அந்த மாதிரி ஒளிதல். எங்கள் ஊரிலும் ஒருவருக்குப் பட்டப்பெயர்தான் வாழ்நாள் முழுக்க. ரேஷன் கார்டில் இருக்கும் பெயர் கண்ணீர் அஞ்சலி போஸ்டரில்தான் ஊருக்கே தெரியவரும்.

அமெரிக்காவில் கதை இன்னும் கறாராக இருந்தது. எழுபதுகளின் கடைசியில் அட்டாரி என்ற கேம் நிறுவனம் வெளியிட்ட கேசட்டுகளில் செய்தவர் பெயரே கிடையாது, புனைபெயர்கூட இல்லை. ஒரு கேமை யோசித்து, நிரல் எழுதி, படம் போட்டு, சத்தம் சேர்த்து முடிப்பது பெரும்பாலும் ஒரே ஆள். அந்த ஒரே ஆளுக்கும் பெயர் கிடையாது. இது பிடிக்காமல் டேவிட் கிரேன், ஆலன் மில்லர், பாப் வைட்ஹெட், லாரி கப்ளான் என்ற நால்வர் வெளியேறினார்கள். 1979இல் அவர்கள் பங்கேற்றுத் தொடங்கியதுதான் ஆக்டிவிஷன். அதன் கேம்களில் வடிவமைத்தவர் பெயர் பகிரங்கமாக அச்சானது.

அதே அட்டாரியில் வேலை பார்த்த வாரன் ராபினெட் வேறு வழியில் போனார். 'அட்வெஞ்சர்' என்ற கேமை அவர் தனியாளாகச் செய்தார். மொத்தமும் 4 கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டும். இன்று கைப்பேசியில் வரும் ஒரு காலை வணக்கப் படம்கூட அதைவிடப் பல மடங்கு பெரியது. அந்த இட நெருக்கடியில் அவர் ஓர் அறையைத் திருடினார். கறுப்புக் கோட்டைக்குள் ஒரு சாம்பல் நிறப் புள்ளி இருக்கும். பின்னணியும் சாம்பல் நிறம் என்பதால் கண்ணுக்குத் தெரியாது. அதை எடுத்துக்கொண்டு குறிப்பிட்ட ஒரு சுவருக்கு வந்தால் சுவர் வழிவிடும். உள்ளே வண்ணம் மாறி மாறி மின்னும் எழுத்தில், 'உருவாக்கியவர் வாரன் ராபினெட்'. முதலாளியிடம் அவர் மூச்சு விடவில்லை. கேம் 1980இல் விற்பனைக்கு வந்தது. சால்ட் லேக் சிட்டியைச் சேர்ந்த பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவன் அறையைக் கண்டுபிடித்து அட்டாரிக்குக் கடிதம் எழுதியபோதுதான் நிறுவனத்துக்கே விஷயம் தெரிந்தது. ராபினெட் அதற்குள் வேலையை விட்டுப் போயிருந்தார். கேம்களுக்குள் ஒளித்துவைக்கும் இத்தகைய சங்கதிகளை 'ஈஸ்டர் எக்' என்று அழைக்கும் பழக்கம் இந்தச் சம்பவத்திலிருந்துதான் பரவியது.

பெயர் போட ஒருவழியாக அனுமதி கிடைத்த பிறகு சிக்கல் தலைகீழானது. ஒரு ஆள் செய்த இடத்தில் இருபது பேர் வந்தார்கள், பிறகு இருநூறு, இப்போது பெரிய கேம் என்றால் ஆயிரக்கணக்கில். எல்லாப் பெயரும் இருக்கும், பார்க்கத்தான் ஆள் இருக்காது. கல்யாணப் பத்திரிகையிலும் இதே கதிதான். 'உற்றார் உறவினர்' என்று இரண்டு பக்கத்துக்குப் பெயர்கள் நீளும், வாங்கியவர் மண்டபம் எங்கே, முகூர்த்தம் எத்தனை மணிக்கு என்று மட்டும் பார்ப்பார். எல்லாருமே கண்ணை நிறுத்தும் ஒரு வரி உண்டு: கடைசியில் வாண்டுகள் பெயர் போட்டு, 'எங்க மாமா கல்யாணத்துக்கு மறக்காம வந்துடுங்க' என்று வருமே, அது. கேம் பட்டியல்களிலும் அந்த வரி இருக்கிறது. வேலை நடந்துகொண்டிருந்த காலத்தில் ஊழியர்களுக்குப் பிறந்த குழந்தைகளின் பெயர்களைத் தனியாகப் போடுவார்கள். இரவு பகலாக வேலை வாங்கிய கேம் என்றால் அந்தப் பட்டியலைப் பார்க்கும்போது எனக்குக் கொஞ்சம் சங்கடமாகவும் இருக்கும். அந்தக் குழந்தைகள் அப்பாவையோ அம்மாவையோ எத்தனை மணிக்குப் பார்த்திருப்பார்கள் என்று.

1994இல் இரண்டு நல்ல சேட்டைகள் நடந்தன. 'டூம் 2' முடிந்ததும் நாடகம் முடிந்து நடிகர்கள் மேடைக்கு வந்து வணங்குவதுபோல அரக்கர்கள் ஒவ்வொருவராகப் பெயரோடு வந்து நடைபோடுவார்கள். எதேச்சையாக ஒரு விசையைத் தட்டினால் நிற்கும் அரக்கன் ரத்தம் தெறித்துச் சாவான், உடனே அடுத்தவன் வருவான். கடைசியில் நம் கதாநாயகன் வருவான். தட்டினால் அவனும் சாவான். அதுவரை அரக்கர்களைத் தட்டிக்கொண்டே வந்த வேகத்தில் நான் அவனையும் தட்டிவிட்டேன்.

அதே வருடத்து 'டாங்கி காங் கன்ட்ரி'யில் முதலை ராஜா கே. ரூலை அடித்து வீழ்த்துவோம். அவன் மல்லாந்து விழுவான், பெயர்ப்பட்டியல் ஓடத் தொடங்கும். கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனீர்கள் என்றால் தொலைந்தீர்கள். அது முதலைக் கூட்டம் போட்ட போலிப் பட்டியல். வேலைகளுக்கு எதிரே அவன் அடியாட்களின் பெயர்கள்தான் இருக்கும். ஓடி முடிந்ததும் ராஜா எழுந்து மறுபடி பாய்வான். தலைப்பில் 'க்ரெடிட்ஸ்' என்ற ஆங்கிலச் சொல்லை 'சி'க்குப் பதில் 'கே' போட்டு எழுதியிருப்பார்கள். அந்தக் கூட்டத்துக்கு எல்லாமே 'கே'யில்தான் தொடங்க வேண்டும். தமிழில் எழுதினால் இந்தப் பகடி சுத்தமாகக் காணாமல் போய்விடுகிறது. இரண்டுக்கும் நமக்கு ஒரே 'க்'தான்.

'போர்ட்டல்' பற்றிச் சொல்லாவிட்டால் அடிக்க வருவார்கள். 2007இல் வால்வ் வெளியிட்டது. விளையாட்டு முழுக்க நம்மைக் கொல்லப் பார்த்த, கடைசியில் நாம் துண்டுதுண்டாக உடைத்துப்போட்ட கணினி, பெயர்கள் ஓடும்போது ஒரு பாட்டுப் பாடுகிறது. இது மாபெரும் வெற்றி என்று ஆரம்பித்து, எனக்குக் கோபமே இல்லை என்று சொல்லிக்கொண்டே வரிக்கு வரி குத்திக்காட்டும் பாட்டு. விருந்துக்கு வந்துவிட்டுப் போகிற அத்தைகளுக்குக் கைவந்த கலை அது. எழுதியவர் ஜோனதன் கோல்டன், பாடியவர் எலன் மெக்லெய்ன். பழைய கணினித் திரைபோல ஆரஞ்சு நிற எழுத்துகள். இடப்பக்கம் பாட்டு வரி, வலப்பக்கம் மேல்மூலையில் பெயர்கள், அதன் கீழே எழுத்துக் குறிகளாலேயே வரைந்த படங்கள். கேம் உலகிலேயே சிறந்த முடிவுக்காட்சி என்று பலரும் இதைச் சொல்வார்கள். பாட்டு அருமைதான், மறுக்கவில்லை. ஆனால் வலது மேல்மூலையில் என்ன பெயர் வந்தது என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒருவருக்கும் தெரியாது. எனக்கும் நான்காவது முறை பார்த்தபோதுதான் அந்த மூலையில் கண் போனது. கச்சேரி களைகட்டிவிட்டதால் பெண்வீட்டாரை யாரும் கவனிக்காமல் விட்ட கல்யாணம்.

அந்த வகையில் 'சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ்' செய்தது எனக்கு ஒருபடி மேல். 1999இல் வந்த முதல் பாகத்திலேயே பெயர்கள் விண்வெளியில் மிதந்து வரும், நம் கையில் துப்பாக்கிக் குறி இருக்கும். பெயரைப் பார்த்துச் சுட வேண்டும். சுடுவதென்றால் குறிபார்க்க வேண்டும், குறிபார்ப்பதென்றால் அந்தப் பெயரை ஒரு நொடியாவது கண்ணில் நிறுத்த வேண்டும். ப்ரூஃப் பார்ப்பதற்கு இதைவிடச் சிறந்த பயிற்சி எனக்குத் தெரியவில்லை. 'கடமாரி டமாசி'யில் 2004இல் பெயர்கள் ஓடும்போது நாம் ஒரு பந்தை உலக உருண்டைமேல் உருட்டி நாடுகளை ஒவ்வொன்றாக ஒட்டிச் சுருட்டிக்கொண்டு போவோம். வேடிக்கையாக இருக்கும், ஆனால் கண் நாடுகள்மேல்தான் இருக்கும்.

பிறகு 2015இல் 'அண்டர்டேல்'. டோபி ஃபாக்ஸ் ஏறக்குறையத் தனியாளாகச் செய்தது. பொதுமக்களிடம் 51,000 டாலருக்கு மேல் திரட்டி எடுத்த கேம். பணம் கொடுத்தவர்கள் பெயர் போட வேண்டுமே. கோவில் டியூப்லைட்டில் 'உபயம்' என்று எழுதி வெளிச்சத்தையே மறைத்துவிடுவார்கள் நம் ஆட்கள். ஃபாக்ஸ் அந்தப் பெயர்களையே ஆயுதமாக்கிவிட்டார். நம் சிறு இதயம் ஒன்று திரையில் இருக்கும். பெயர்கள் வரிசையாகவும் வளைந்தும் பாய்ந்தும் அதைத் தாக்க வரும். ஒன்றுகூட மேலே படாமல் தப்பித்தால், பனிக்காட்டில் அதுவரை திறக்காமல் இருந்த ஒரு கதவு திறக்கும்.

அக்கா மகன் அப்போது ஏழாவது படித்துக்கொண்டிருந்தான். ஸ்கிப் பொத்தானைத் தேடிய விரல் அன்று அம்புக்குறி விசைகளை விட்டு நகரவில்லை.

"மாமா, இவர்களெல்லாம் ஏன் நம்மை அடிக்க வருகிறார்கள்?"

"காசு கொடுத்தவர்கள்டா. பெயரைப் பார்க்காமல் போனால் கோபம் வராதா?"

மூன்று இரவு முயன்றோம். இரண்டாம் இரவு கடைசிக்குச் சற்று முன்னால் ஒரு நீளமான பெயர் வாலால் இதயத்தைத் தொட்டுவிட்டுப் போனது. அந்தப் பெயரை அவன் எழுத்துக்கூட்டிப் படித்து, பகையாளியைப்போல ஒரு வாரம் சொல்லிச் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தான். யாரோ ஒரு புண்ணியவான், எங்கோ இருந்து சில டாலர் கொடுத்ததற்கு, மதுரையில் ஒரு பையன் தோசை தின்றுகொண்டே அவர் பெயரைச் சபிக்கிறான். தான் கொடுத்த பணத்துக்கு அவர் இவ்வளவு எதிர்பார்த்திருக்கமாட்டார். மூன்றாம் இரவு தப்பித்தோம். கதவைத் திறந்து உள்ளே போனால் ஒரு வெள்ளை நாய் தூங்கிக்கொண்டிருந்தது. ஃபாக்ஸ் தன்னை அந்த நாயாகத்தான் கேமுக்குள் வைத்துக்கொள்வார். மூன்று இரவுக்கும் பரிசு அவ்வளவுதான். அவன் ஏமாந்த முகத்தோடு என்னைப் பார்த்தான். நான் ராபினெட்டின் அறையைப் பற்றிச் சொன்னேன். பாதியில் தூங்கிவிட்டான்.

அவன் பிளஸ் டூ முடித்த விடுமுறையில் 'நியர்: ஆட்டோமேட்டா' விளையாடினோம். 2017இல் யோகோ டாரோ இயக்கத்தில் வந்தது. கதையின் முக்கிய முடிவுகளைப் பார்த்துவிட்டுக் கடைசி முடிவுக்கு வந்தால் பெயர்ப்பட்டியல் வருகிறது. நம்மிடம் ஒரு குட்டிக் கப்பல். நாம் பெயர்களைச் சுட வேண்டும். இங்கே பெயர்களும் நம்மைத் திருப்பிச் சுடும். முதலில் சிரிப்பாக இருந்தது. பிறகு குண்டு மழை. திரையில் இடுக்கு இல்லாமல் குண்டு. சாகிறோம், மறுபடி தொடங்குகிறோம், சாகிறோம். ஒவ்வொரு சாவுக்கும் கேம் ஒரு கேள்வி கேட்கிறது: இங்கேயே விட்டுவிடுகிறாயா? எல்லாமே வீண்தானா? கேம் என்பதே அற்பமான ஒன்று என்று நினைக்கிறாயா? இல்லை, இல்லை, இல்லை என்று அவன் அழுத்திக்கொண்டே இருந்தான். பின்னணியில் உலகத்தின் வேறு வேறு மூலைகளில் இதே இடத்தில் நின்றவர்கள் எழுதிவிட்டுப் போன ஊக்க வரிகள் ஒவ்வொன்றாக மின்னி மறைந்தன.

எத்தனையாவது சாவிலோ ஒரு கேள்வி மாறியது. உதவி வந்திருக்கிறது, ஏற்றுக்கொள்கிறாயா? ஆம் என்றான். முன்பின் தெரியாத ஆட்டக்காரர்களின் கப்பல்கள் வந்து எங்கள் கப்பலைச் சுற்றி வளையமாக நின்றன. தனிக் குரலில் போய்க்கொண்டிருந்த பாட்டு கூட்டுக்குரலாக மாறியது. கேமைச் செய்தவர்களே சேர்ந்து பாடிய குரல்கள் அவை. எங்கள்மேல் விழவேண்டிய குண்டை வளையத்தில் இருக்கும் ஒரு கப்பல் வாங்கிக்கொள்ளும். உடனே திரையில் ஒரு வரி: இன்னாருடைய தரவுகள் அழிந்தன. இன்னொரு குண்டு, இன்னொரு பெயர். சிவப்புப் பேனா பிடித்த இத்தனை வருடத்தில் முதல்முறையாக எனக்குப் பெயர்களைப் படிக்க நேரமில்லை. ஓடிக்கொண்டிருந்தது செய்தவர்களின் பட்டியல். எங்களுக்காக விழுந்துகொண்டிருந்தது இன்னொரு பட்டியல். இரண்டையும் சேர்த்துப் பார்க்கக் கண் போதவில்லை.

எல்லாம் ஓய்ந்த பிறகு கேம் கேட்டது. உன்னைப்போல மாட்டிக்கொண்டிருக்கும் முகமறியாத ஒருவருக்கு நீயும் உதவ விரும்புகிறாயா? விரும்பினால் நீ சேமித்துவைத்த அனைத்தும் அழிக்கப்படும். நீ யாருக்கு உதவினாய் என்பது உனக்குத் தெரியாது. அவர் நன்றி சொல்லவும் வாய்ப்பில்லை.

"மாமா, அறுபது மணி நேரம் விளையாடியிருக்கிறோம்" என்றான்.

"ஆமாம்."

"அழித்துவிட்டால் நாம் விளையாடியதற்கு அத்தாட்சியே இருக்காது."

"இருக்காது."

அவன் கன்ட்ரோலரை என் மடியில் வைத்துவிட்டு எழுந்துபோனான். நான் ஆம் என்று அழுத்தினேன். சேர்த்துவைத்த ஆயுதங்கள், வரைபடம், முடித்த வேலைகள் எல்லாம் பட்டியல் பட்டியலாகத் திறந்து, வரி வரியாக அழிந்துகொண்டு போனதைக் கடைசிவரை உட்கார்ந்து பார்த்தேன். எங்கள் கணக்கின் பெயரைத் தாங்கிய ஒரு குட்டிக் கப்பல் இப்போது எங்கேயோ காத்திருக்கும்.

மறுநாள் காலை சாப்பாட்டு மேஜையில் மின்கட்டண ரசீது ஒன்று கிடந்தது. அதன் பின்பக்கத்தில் அவன் கையெழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு பெயர், ஏழெட்டு எழுத்து, நடுவில் ஓர் எண். கடைசியாக விழுந்த கப்பலின் பெயராம். "எழுத்து சரியாக இருக்கிறதா பாருங்கள் மாமா, வேகமாகப் போய்விட்டது" என்றான். டி.வி.யைப் போட்டேன். புதிய ஆட்டம் தொடங்கவா என்று மட்டும் கேட்டது.